விற்பனைக்கு: ஒரு துவக்கு

கனடாவிலிருந்து பெரியப்பாவின் மகன் பேசினார். அங்கே நடுப்பகல், இங்கே உரும்பிராயில் ஊர் அடங்கி நாய்களும் படுத்துவிட்ட நேரம். நாற்பது வருடங்களாக அந்நிய தேசத்தில் இருந்தும் எங்கள் இரவுக்கும் அவர்களுடைய பகலுக்கும் உள்ள கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. நோய் நொடி ஏதுமோ என்று பதறியபடிதான் எடுத்தேன்.

"தம்பி, நீ பேப்பர்க்காரன். ஆக்கள் ஏசி எழுதினா நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வி இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் எவரும் கேட்டதில்லை. ஏசுகிறவர்களைத்தான் சந்தித்திருக்கிறேன், ஏச்சு வாங்கி ஆலோசனை கேட்டு வந்தவர் இவர்தான் முதல்.

விடயம் இதுதான். அண்ணை ரொறொன்ரோவுக்கு வடகிழக்கே இரண்டு மணிநேர ஓட்டத்தில் ஒரு நாட்டுப்புறத்தில் சில ஏக்கர் காணி வாங்கிக் கோழியும் மரக்கறியுமாக இருந்தவர். தோட்டக்காரரின் பிள்ளை, மண்ணை விட்டு இருக்க முடியவில்லை. அங்கே கொயோட்டி என்றொரு விலங்கு, நரிக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு வடிவம், கோழிக்கூட்டைப் பதம் பார்க்க வரும். அதற்காகப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, ஒரு வேட்டைத் துவக்கு வாங்கி வைத்திருந்தார். இப்போது முழங்கால் இரண்டும் மறுக்கின்றன. காணியை விற்றுவிட்டு நகரத்தில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார். அங்கே பேரப்பிள்ளைகள் இரண்டு. துவக்கு வீட்டுக்குள் வந்தால் தான் வரமாட்டேன் என்று மச்சாள் சொல்லிவிட்டார். ஆகவே அண்ணை விற்பனைக்கு விளம்பரம் செய்தார், தம்முடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டு. இந்தப் பெயரைப் போடுகிற பழக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஆகாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று நாட்களில் இருபதுக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. வாங்க வந்தவை நான்கோ ஐந்தோ. மற்றவை ஏச்சு. ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். தாமே தமிழாக்கியும் சொன்னார். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரத்தத்துக்கு இந்த விலை என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்ட விலை பகற்கொள்ளை, அந்தத் துவக்கை ஆற்றில் எறி என்று இன்னொருவர். அவர் துவக்குப் பிரியர் போலும். பெயரைப் பார்த்துவிட்டு, புலிகளின் மிச்சச் சரக்கா இது, எந்தக் கப்பலில் வந்தது என்று எழுதியவர்கள் மூவர். 2010 ஆகஸ்டில் 492 பேருடன் 'சன் சீ' என்ற கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்ததை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை. அண்ணை 1984 இல் விமானத்தில் போய் இறங்கியவர். ஆனால் பெயரில் 'அம்பலம்' என்று முடிந்தால் எல்லாரும் கப்பலில் வந்தவர்தாம்.

இவை எதுவும் அவரைப் பெரிதாக வருத்தவில்லை. கடைசியாக ஒன்றை வாசித்தார். அது தமிழில் எழுதப்பட்டிருந்தது. துவக்கால் அழிந்த ஒரு சனத்தில் பிறந்துவிட்டு, துவக்கை விற்றுக் காசு பார்க்க உமக்கு வெட்கமாக இல்லையா என்பது அதன் சாரம். வாசித்துவிட்டு அண்ணை சற்று நேரம் பேசவில்லை.

"விளம்பரத்தை எடுத்துவிடட்டோ, தம்பி?"

"எடுக்காதேங்கோ, அண்ணை" என்றேன். யோசிக்காமலே சொன்னேன். யோசித்தது அதன் பிறகுதான். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1979 ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. ஐயாவிடம் ஒரு துவக்கு இருந்தது. ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் வாழையும் செய்கிற ஒருவருக்குத் துவக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊர்த் தோட்டக்காரர் பலருக்கு அந்நாளில் கிளிநொச்சிப் பக்கம் வயல் இருந்தது. ஐயாவுக்கும் இருந்தது. கதிர் முற்றும் காலத்தில் பன்றி இறங்கினால் ஓரிரவில் அரை ஏக்கர் போய்விடும். அதற்காகக் கச்சேரியில் விண்ணப்பித்து உரிமம் எடுத்திருந்தார். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் என்பது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது. இன்றும் அதுதான் அடிப்படை. உரிமத்தை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் இல்லாதவருக்குத் துவக்கை விற்பதோ கொடுப்பதோ குற்றம். ஐயா இதிலெல்லாம் மிகக் கறாரானவர். உரிமப் புத்தகம் காணி உறுதிகளோடு ஒரே பையில் இருக்கும்.

துவக்கின் பிடியில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. ஐயா அதன்மேல் செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியிருந்தார். மாலை வெயிலில் அது மினுங்கும். துவக்கைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை; அந்தக் கம்பியை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

1977 இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. அதற்கு முந்திய ஏழு வருடங்கள் யாழ்ப்பாணத் தோட்டக்காரனின் பொற்காலம். மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டியவர்கள் ஊருக்குப் பலர். கதவு திறந்ததும் விலை விழுந்தது. ஐயாவுக்கும் கடன் ஏறியது. கிளிநொச்சி வயலை விற்றார். வயல் போன பின்னர் துவக்குக்கு வேலை இல்லை. அதை வைத்திருப்பதற்குப் பயப்படவும் தொடங்கியிருந்தார் என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது. சிவகுமாரன் எங்கள் ஊர். 1974 யூன் 5 இல், இருபத்துமூன்று வயதில், பொலிஸாரிடம் பிடிபட்டபோது சயனைட் அருந்தி இறந்தவர். அவருடைய சிலை இன்றும் ஊரில் நிற்கிறது. 1975 இல் துரையப்பா சுடப்பட்டார். 1978 இல் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளை முருங்கன் காட்டில் கொல்லப்பட்டார். அந்தச் சூழலில் உரும்பிராய் முகவரியோடு ஒரு துவக்கு வீட்டில் இருப்பது சாதாரண விடயமல்ல.

விளம்பரத்தை எழுதிக் கொடுத்தவர் வேறு யாருமல்லர், இப்போது கனடாவில் இருக்கும் இதே அண்ணைதான். அப்போது இருபது வயது. கையெழுத்து அச்சுப்போல இருக்கும். 'விற்பனைக்கு: ஒற்றைக் குழல் வேட்டைத் துவக்கு, நல்ல நிலையில். உரிமம் உள்ளவர்கள் மட்டும் தொடர்புகொள்க.' கீழே ஐயாவின் முழுப்பெயர், ஊர், ஒழுங்கை. பெட்டி இலக்கம் என்று ஒன்று உண்டென்பதும், சற்றுக் கூடுதலாகக் காசு கட்டினால் பெயரை மறைத்துப் பதில்களைப் பத்திரிகை அலுவலகத்துக்கே வரவழைக்கலாம் என்பதும் இருவருக்கும் தெரியாது. பின்னாளில் நான் ஒரு பத்திரிகையில் சேர்ந்து முதல் ஆறு மாதம் வரிவிளம்பரப் பகுதியில் குந்தியிருந்தபோது, மணமகன் தேவை என்று வருகிறவர்களிடம்கூடப் பெட்டி இலக்கம் போடுங்கோ என்று நச்சரிப்பேன். ஏன் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது.

மொட்டைக் கடிதம் யாழ்ப்பாணத்தின் ஒரு பழைய கலை. எங்கள் ஆட்கள் கதவைத் தட்டிச் சண்டை பிடிக்கமாட்டார்கள், பெட்டிசம் எழுதுவார்கள். வேலி அரை அடி தள்ளிப் போனால் பெட்டிசம்; வாத்தியாருக்குப் பதவி உயர்வு கிடைத்தால் பெட்டிசம்; கலியாணம் பேசி வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம். இந்தக் கலைக்கு ஒரு வரலாறு எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது கிடக்கட்டும்.

விளம்பரம் வந்த கிழமையே முதலாவது கடிதம் வந்தது. சிவகுமாரன் பிறந்த மண்ணில் துவக்கை விற்றுக் காசு பார்க்கிறாயா, அது விற்கிற பொருளா, கொடுக்கிற பொருளா என்று கேட்டது. இரண்டாவது கடிதம், வாங்குகிறவன் சீருடைக்காரனின் ஆளாக இருந்தால் விற்றவனும் கணக்கில் சேர்க்கப்படுவான் என்றது. மூன்றாவது ஐயாவுக்கு வரவில்லை. மேலிடத்துக்குப் போனது. இன்னார் பயங்கரவாதிகளுக்கு ஆயுதம் விற்கப் பத்திரிகையில் பகிரங்கமாக அழைப்பு விடுத்திருக்கிறார் என்று எழுதப்பட்டிருந்ததாம். ஒரே துவக்கு, ஒரே விளம்பரம். அதை வைத்து ஐயா அரசின் கையாளாகவும் இருந்தார், அரசின் எதிரியாகவும் இருந்தார்.

யூலை மாதம் அவசரகாலச் சட்டம் வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. ஆண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் அடக்கித் தரும்படி ஜனாதிபதி பிரிகேடியர் வீரதுங்காவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். பண்ணைப் பாலத்தருகே இளைஞர்களின் உடல்கள் கிடந்த மாதம் அது. அந்த மாதத்தில்தான் எங்கள் ஒழுங்கைக்குள் ஜீப் வந்தது. துவக்கைப் பார்த்தார்கள், உரிமத்தைப் பார்த்தார்கள், தோட்டாக்களை எண்ணினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததற்காகவும் ஐயாவை ஒரு பகல் முழுவதும் நிலையத்தில் இருத்தி வைத்திருந்து அனுப்பினார்கள்.

பெட்டிசக் கடிதத்தை அங்கே அவரிடம் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "எழுதினவன் துவக்குக்காக எழுதேல்லை. பின்வேலிக்காக எழுதியிருக்கிறான்." கையெழுத்தையும், 'விளம்பரம்' என்பதில் ளகரம் வரவேண்டிய இடத்தில் ழகரம் விழுந்திருந்ததையும் கண்டு ஆளைப் பிடித்துவிட்டார். பின்வளவுக்காரர். பூவரசு நட்ட இடத்தில் இருவருக்கும் முக்கால் முழத் தகராறு. ஐயா அதை அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை. அவர் வீட்டுச் செத்தவீட்டுக்கும் போனார்.

இடையில் ஒரு மெய்யான வாடிக்கையாளரும் வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து விவசாயி. உரிமம் எடுப்பதற்கான கடதாசிகளோடு, மடியில் காசோடு, பஸ்ஸில் வந்து இறங்கி விசாரித்துக்கொண்டு வந்தவர். அம்மா அவருக்குச் சோறு போட்டதும், அவர் வாழையிலையை மடித்தபடி தம் வயலில் யானையும் இறங்குவதைப் பற்றிச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஐயா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். விற்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றார். இரண்டு கடிதங்கள் ஏற்கெனவே வந்திருந்தன. அந்த மனிதர் போய் ஒரு மாதத்தில் ஜீப் வந்தது.

அதன் பிறகு துவக்கு பரணில் ஏறியது. விற்கவும் முடியாது, வைத்திருக்கவும் பயம், ஒப்படைத்தால் ஏன் இப்போது ஒப்படைக்கிறாய் என்ற கேள்வி வரும் என்ற இன்னொரு பயம். 1983 வரை உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

1984 இல் ஓர் இரவு நான்கு இளைஞர்கள் சைக்கிளில் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் உரிமத்துடன் துவக்கு வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் அந்தக் காலத்தில் இப்படி யாரோ ஒருவர் வந்தார். எந்த இயக்கம் என்பதைச் சொல்லப்போவதில்லை. அன்று எல்லாரும் வந்தார்கள். நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சத்தம் போடவில்லை. "மாமா, குறை நினையாதேங்கோ. துவக்கைத் தாங்கோ" என்று ஒருவன் சொன்னான். ஊர்ப் பிள்ளை. பள்ளிக்கூடக் கொப்பி ஒற்றையில் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அம்மா தேத்தண்ணி கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேரமாகிறது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மிரட்டி எழுதியவர் எவரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வந்தவர்கள் எழுதியதுமில்லை, மிரட்டியதுமில்லை.

துவக்குப் பறிபோனதை அறிவிக்கப் போன ஐயாவை மீண்டும் இருத்தி விசாரித்தார்கள். கொடுத்தாயா, பறித்தார்களா என்ற கேள்வி. பற்றுச்சீட்டை அவர் காட்டவில்லை. காட்டினால் கொடுத்ததாகத்தானே ஆகும்?

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரணக் கதை. எங்கள் தலைமுறையில் இதைவிடப் பெரிதாக இழக்காத வீடு எது? ஐயாவை அரித்தது இழப்பல்ல. 1986 இல் இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடிய அந்த மாதங்களில், ஒரு சந்தியில் நின்ற இளைஞனின் தோளில் செப்புக் கம்பி சுற்றிய துவக்கு ஒன்றைக் கண்டதாக எங்கள் உறவினர் ஒருவர் வந்து சொன்னார். அதன் பிறகு, விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் ஐயாவின் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். நான் பத்திரிகையில் சேர்ந்த பிறகு ஒருநாள் கேட்டார்: "உங்கடை பேப்பரிலை என்ன துவக்காலை சுட்டது எண்டு போடுவீனமோ?"

போடுவதில்லை, ஐயா, என்றேன். 'இனந்தெரியாத நபர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்' என்று போடுவோம். துவக்கின் இனமும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் போட்டிருக்கமாட்டோம்.

முல்லைத்தீவுக்காரருக்கு அன்று விற்றிருந்தால் அதுவும் பிறகு பறிபோயிருக்கும் என்று நான் பலமுறை சமாதானம் சொல்லியிருக்கிறேன். இருக்கலாம். ஐயா அதை ஏற்கவில்லை. "நான் பயந்து வைச்சிருந்தது" என்பார். 2003 இல் காலமாகும்வரை அந்த வாக்கியத்தில் ஒரு சொல் மாறவில்லை.

இவையெல்லாம் இருந்தபடியால்தான் அண்ணையிடம், எடுக்காதேங்கோ என்றேன். விளம்பரத்தை எடுத்தால் ஏசியவர்களுக்குத் திருப்தி. துவக்கு வீட்டிலேயே இருக்கும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது போகும், அல்லது ஆளில்லாத காணி வீட்டில் பூட்டிக் கிடக்கும். அந்தத் தமிழ்க் கடிதத்தை எழுதியவர் விரும்பியதும் இதுவாக இருக்க முடியாது.

பிறகு, வந்த பதில்களை எல்லாம் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னேன், ஏச்சு இல்லாதவற்றையும் சேர்த்து. பத்திரிகை மேசையில் பழகிய ஒரு பழக்கம் இது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்தியவர்களுக்குக் கடிதம் படிக்கத் தெரியும். சிவப்பு மையில், எழுத்துப் பிழைகளோடு, எங்கள் தாய் தந்தையரை எல்லாம் இழுத்து எழுதியவர்கள் பெரும்பாலும் எழுதி முடித்ததோடு ஆறிவிடுகிறவர்கள். அவற்றை ஒரு கோப்பில் போட்டு வைப்போம், பதில் எழுதுவதில்லை. பதில் எழுதினால் இரண்டாவது கடிதம் வரும். எங்களைப் பயமுறுத்தியவை வேறு: இன்னார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார் என்று மரியாதையாக விசாரித்த தொலைபேசி அழைப்புகள். நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு தம் வீட்டில், எழுதிக்கொண்டிருந்த மேசையில் வைத்துச் சுடப்பட்டார். 2006 மே 2 இல் 'உதயன்' அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அந்த வருடங்களில் நாங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் வசையைக் கேட்கவில்லை, கேள்வியைத்தான் கேட்டோம். என்ன விசாரிக்கிறான் என்பதுதான் முக்கியம்; என்ன திட்டுகிறான் என்பதல்ல.

அண்ணை வாசித்தார். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒரு பதில். மிகப் பண்பானது. ஐயா, அன்பு, நன்றி எல்லாம் இருந்தது. துவக்கை எங்கே வைத்திருக்கிறீர்கள், பூட்டிய பெட்டியா, அலமாரியா, கிழமை நாட்களில் நீங்கள் வீட்டில் தனியாகவா இருப்பீர்கள், மாலையில் இருட்டிய பின் வந்து பார்க்கலாமா, அனுமதிப்பத்திரம் இப்போது கையில் இல்லை, பிறகு காட்டுகிறேன், விலை நீங்கள் சொன்னதற்கு மேலேயே தருகிறேன்.

"இவர் நல்ல மனுசன்போல கிடக்கு. இவருக்குத்தான் வரச்சொல்லிப் பதில் போட இருந்தனான்" என்றார் அண்ணை.

எனக்கு நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது. இவருக்கு முகவரி கொடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை. அந்த இலக்கத்தோடு இனிப் பேச வேண்டாம், செய்தியை அழிக்கவும் வேண்டாம், நாளைக்கே மாகாணப் பொலிஸில் காட்டுங்கோ என்றேன். அண்ணைக்குப் பொலிஸ் என்ற சொல்லே பிடிக்காது. 1979 இல் சித்தப்பா நிலையத்திலிருந்து வந்து கிணற்றடியில் நின்ற கோலத்தை அவரும் பார்த்தவர். இது வேறு நாடு, அண்ணை, என்று அரை மணிநேரம் பேசினேன்.

கனடாவில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வேட்டைத் துவக்குப் போன்ற சாதாரண வகையைத் தனியார் தனியாருக்கு விற்கலாம். ஆனால் வாங்குபவரிடம் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். 2022 மே 18 முதல் இன்னொரு படியும் சேர்ந்தது: விற்பவர் சுடுகலப் பதிவாளரிடம் அந்த அனுமதிப்பத்திரத்தைச் சரிபார்த்து ஒரு குறிப்பு இலக்கம் பெற்ற பின்னரே கைமாற்றலாம். 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்ற பிறகு அந்நாட்டில் துவக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இறுகின. கீழே அமெரிக்காவில் நிலைமை வேறு. கடைக்காரர் விற்றால் பின்னணி விசாரணை உண்டு. தனியாள் தனியாளுக்கு விற்றால் மத்திய சட்டம் அதைக் கேட்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. அண்ணைக்கு வந்த ஏச்சுகளில் பாதி எல்லைக்குத் தெற்கே உள்ள கோபம் என்று எனக்குப் பட்டது. வடக்கே இருப்பவர் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

தெற்கே நடந்த ஒரு கதை எங்கள் தொழிலுக்கும் உரியது என்பதால் சொல்கிறேன். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளியொன்றில் சிறு பிள்ளைகள் இருபது பேரும் பெரியவர்கள் ஆறு பேரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சில நாட்களின் பின், நியூயோர்க் மாநிலத்தின் 'த ஜேர்னல் நியூஸ்' என்ற பத்திரிகை, தன் பிரதேசத்தின் இரு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருப்போரின் பெயர்களையும் முகவரிகளையும் வரைபடத்தில் குறித்து வெளியிட்டது. எல்லாம் சட்டப்படி பெற்ற அரசப் பதிவுகள். ஆனால் ஏச்சு மழையாகப் பொழிந்தது. ஆசிரியர் குழுவினரின் வீட்டு முகவரிகளை மற்றவர்கள் வெளியிட்டார்கள். கடைசியில் அந்தப் பத்திரிகை தன் அலுவலகத்துக்கு ஆயுதம் தாங்கிய காவலரை அமர்த்த வேண்டியதாயிற்று. மறுமாதம் வரைபடம் அகற்றப்பட்டது. என் தொழில் நண்பர்கள் பலர் அந்தப் பத்திரிகையின் பக்கம் நின்றார்கள். நான் நிற்கவில்லை. உரும்பிராயில் ஒரு வீட்டில் துவக்கு இருக்கிறது என்று முகவரியோடு அச்சிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் பத்து வயதில் பார்த்துவிட்டேன்.

அண்ணை பொலிஸில் காட்டினார். வந்த அதிகாரி ஒரு பெண். செய்தியைப் படம் எடுத்துக்கொண்டு, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, இனி வீட்டில் வைத்து விற்பனை வேண்டாம், பொது இடத்தில் அல்லது உரிமம் பெற்ற ஒரு கடையில் வைத்துக் கைமாற்றுங்கள் என்று சொல்லிப் போனாராம். தேத்தண்ணி குடித்தாராம். அண்ணை அதை மூன்று தரம் சொன்னார்.

விளம்பரத்தைத் திருத்தி எழுதினோம். பெயரை எடுத்தோம். அனுமதிப்பத்திர இலக்கம் இல்லாமல் வரும் எந்தக் கேள்விக்கும் பதில் தரப்படமாட்டாது என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த ஒரு வரியால் விசாரணைகள் சரியாக மூன்றாகக் குறைந்தன. ஏச்சுகள் தொடர்ந்து வந்தன; அண்ணை அவற்றை வாசிப்பதை நிறுத்தி ஓரிடத்தில் சேர்த்து வைத்தார்.

ஒன்றுக்கு மட்டும் அவர் பதில் எழுதினார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தமிழ்க் கடிதத்துக்குத்தான். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, நான் உரும்பிராய், எனக்கும் அது தெரியும், வீட்டில் பிள்ளைகள் இருப்பதால்தான் விற்கிறேன் என்று எழுதினேன், என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் மறுமொழி வந்ததாம்: 'மன்னிக்கவும். நான் புத்தூர்.' வேறொன்றும் எழுதப்படவில்லை. எங்கள் ஊருக்கும் புத்தூருக்கும் சைக்கிளில் அரை மணி நேரந்தான். ஆணா பெண்ணா, யார் பிள்ளை என்று அண்ணை என்னிடம் விசாரிக்கிறார், நான் ஊரில் இருப்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல. பதில் எழுதாதே என்ற என் தொழில் விதி இந்த ஒரு கடிதத்தில் தோற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

துவக்கை வாங்கியவர் ஆடு வளர்க்கும் ஒரு மூதாட்டி. கொயோட்டித் தொல்லை. கடையொன்றில் வைத்துக் கைமாற்றினார்கள். பதிவாளரிடமிருந்து குறிப்பு இலக்கம் வந்ததும் அண்ணை மீண்டும் நள்ளிரவில் என்னை எழுப்பி, அதை ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டினார். எனக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை உறுதிப் பையை எடுத்தேன். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் முன்னேறியபோதும், 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும் அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன பை. உள்ளே உரிமப் புத்தகம் இருக்கிறது. கடைசி முத்திரை 1983. அதன் நடுவே கொப்பி ஒற்றையொன்று நான்காக மடிக்கப்பட்டிருக்கிறது. நீல மை மங்கி ஊதாவாகிவிட்டது. 'ஒரு துவக்கும் ஆறு தோட்டாக்களும் பெற்றுக்கொண்டோம்' என்று எழுதி, கீழே திகதி இட்டிருக்கிறார்கள். பெயர் எழுதவில்லை.